கொல்லைப்புறத்தில் பர்ப்பிள் மார்ட்டின்களுக்கு உறுதியான வீடு: இடம் பார்ப்பது முதல் இறக்கி வைப்பது வரை

பர்ப்பிள் மார்ட்டின் என்ற தகைவிலான் (ஸ்வாலோ) குடும்பத்துப் பறவைக்கு வீடு வைக்க ஆசைப்படும் பலர் முதலில் வீட்டை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் கம்பம், அதற்கும் அப்புறம்தான் எங்கே நடுவது என்ற யோசனை. நான் பார்த்தவரை, பறவையே வராமல் போன கொல்லைகள் பெரும்பாலும் இந்த வரிசையில் தொடங்கியவைதான். முதலில் இடம், பிறகு கம்பம், பிறகு வீடு, கடைசியாகத் திறக்கும் நாள் என்று போனால் வீண் செலவு குறையும், வந்த பறவையும் தங்கும்.

ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, அமெரிக்காவிலும் கனடாவின் தென்பகுதியிலும் வசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பகுதி மார்ட்டின்கள் ஏறக்குறைய முழுவதுமாக மனிதர்கள் வைத்துத் தரும் வீடுகளை நம்பித்தான் குஞ்சு பொரிக்கின்றன. மேற்குக் கரையில் அவற்றின் பழக்கம் வேறு, அங்கே இந்த முறை அப்படியே செல்லாது. நான் இருப்பது டெக்சஸ். தேதிகளை இங்கிருந்துதான் சொல்கிறேன், வடக்கே இருப்பவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்பத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. ஆரம்பிக்கும் முன்

ஒரே கேள்விக்குப் பதில் தேடுங்கள்: கூடு கட்டும் பருவம் முழுக்க, வாரம் ஒருமுறை வீட்டைக் கீழே இறக்கிப் பார்க்க உங்களால் முடியுமா? முடியாது என்றால் வைக்க வேண்டாம். கவனிப்பில்லாத வீட்டில் சிட்டுக்குருவியும், ஸ்டார்லிங் என்ற மைனா குடும்பத்துப் பறவையும் குடியேறிப் பெருகும். பக்கத்துத் தெருவில் இருக்கும் மார்ட்டின்களையும் அவை துரத்தும்.

கொசு ஒழியும் என்று நினைத்து வைக்கவும் வேண்டாம். மார்ட்டின் பகலில், உயரத்தில் பறந்து தும்பி, வண்டு, ஈ, சிறகு முளைத்த எறும்பு என்று பிடித்துத் தின்னும். கொசு தாழ்வாக, பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு பறப்பது. ஒரு நாளைக்கு 2000 கொசு தின்னும் என்று விளம்பரங்களில் வரும் கணக்குக்கு ஆதாரம் கிடையாது.

எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள குடியிருப்பில் கம்பத்துக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். பதினைந்தடிக் கம்பத்தை சிமெண்ட் போட்டு நட்ட பிறகு எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தால் மொத்த வேலையும் வீண். அமெரிக்காவில் குழி தோண்டுவதற்குச் சில வேலை நாட்கள் முன்பே 811 என்ற எண்ணை அழைத்துச் சொல்லிவிடவும் வேண்டும். மின்கம்பி, எரிவாயுக் குழாய் போகும் இடத்தை இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.

2. இடம்

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். மார்ட்டின் தகைவிலான் குடும்பத்துப் பறவை, வட அமெரிக்கத் தகைவிலான்களில் உருவில் பெரியது. சறுக்கிக்கொண்டு நேராக வந்து வாசலில் இறங்கும். அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும்.

மார்ட்டின் வீட்டைவிட உயரமான மரம் எதுவும் 40 அடிக்குள் இருக்கக் கூடாது, 60 அடி விலகியிருந்தால் இன்னும் நல்லது. மரக்கிளையில் பருந்தும் ஆந்தையும் காத்திருக்கும் என்பது மார்ட்டினுக்குத் தெரியும். கொல்லையின் எல்லாப் பக்கமும் திறந்திருப்பது அபூர்வம்தான். ஒரு பக்கம் மரம் இருந்தாலும் மற்ற திசைகள் வெட்டவெளியாக இருந்தால் சமாளிக்கலாம்.

அடுத்தது, மனிதர் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 30 அடியிலிருந்து 100 அடிக்குள் வையுங்கள். பறவைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்துத் தோட்டத்தின் கடைசி மூலையில், மரத்தடியில் கொண்டுபோய் நடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணம்தான், ஆனால் பலன் நேர்மாறு. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வேட்டையாடும் விலங்குகள் குறைவு என்பதால் மார்ட்டின் நம்மைத் தேடித்தான் வருகிறது. சமையலறை ஜன்னலிலிருந்து கண்ணில் படும் இடம் உங்களுக்கும் வசதி. சிட்டுக்குருவி நுழைந்ததும் தெரியும்.

குளமோ ஏரியோ அருகில் இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. கொல்லையில் அப்படி ஒரு இடமே அமையவில்லை என்றால் காசைச் செலவழிக்காதீர்கள். திறந்த புல்வெளி உள்ள நண்பர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

3. கம்பம்

வீட்டில் மிச்சம் பிடித்தாலும் கம்பத்தில் பிடிக்காதீர்கள். 12 முதல் 15 அடி உயரத்தில், பறவைகளும் ஈரக் கூடுகளும் நிறைந்த வீட்டை அது தாங்க வேண்டும். வசந்த காலத்து இடிமழைக் காற்றில் மெல்லிய குழாய் ஆடி, வளைந்து, முட்டைகள் உருண்டு உடையும்.

கப்பியோ, கைப்பிடியைச் சுற்றிக் கம்பியை இழுக்கும் வின்ச்சோ வைத்து, வீடு நேர் செங்குத்தாக ஏறி இறங்கும் கம்பமாக வாங்குங்கள். அடியில் கீல் வைத்துச் சாய்க்கும் கம்பம் விலை குறைவு, ஆனால் சாய்த்தால் உள்ளிருக்கும் முட்டையும் குஞ்சும் ஒரு பக்கமாகச் சரியும். குஞ்சு இருக்கும் காலத்தில் அதைத் தொடவே முடியாது. ஏணி வைத்து ஏறிப் பார்க்கும் ஏற்பாடும் ஒத்துவராது. முதல் மாதம் ஏறுவீர்கள், வெயில் ஏற ஏற தள்ளிப்போடுவீர்கள்.

நடும் முறை: இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி. மண் உறையும் வடக்கு மாநிலங்களில் உறைமட்டத்துக்குக் கீழே போக வேண்டும், இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மண் உப்பிக் கம்பத்தைத் தூக்கிவிடும். அடியில் நீர் வடிய ஒரு கை உயரம் ஜல்லி. அதன் மேல் கம்பத்தோடு வரும் உறையை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றுங்கள். கம்பத்தையே கான்கிரீட்டில் புதைத்துவிட்டால் பிறகு மாற்றவோ கழற்றவோ வழியில்லை.

ஈரம் காய்வதற்குள் ரசமட்டத்தை அடுத்தடுத்த இரண்டு பக்கங்களிலும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நேராக இருக்கிறது என்று விட்டுவிடுவது வழக்கமான பிழை. கம்பம் சாய்ந்திருந்தால் கயிற்றில் ஏறும் வீடு வழியிலேயே சிக்கிக்கொள்ளும். சில நாள் நன்றாக இறுகவிட்டு, அதன் பிறகுதான் எடை ஏற்ற வேண்டும்.

4. வீடா, சுரைக்குடுவையா

இரண்டிலும் மார்ட்டின் தங்கும். எதை வாங்கினாலும் உள்ளளவைப் பாருங்கள். பழைய அலுமினிய வீடுகளில் அறை 6 அங்குலத்துக்கு 6 அங்குலம்தான். ஆந்தை தன் காலை உள்ளே நீட்டினால் குஞ்சு எட்டிவிடும், மழைச்சாரலும் கூடு வரை வரும். 6 அங்குல அகலம், 12 அங்குல ஆழம் உள்ள அறையில் பறவை பின்பக்கமாகக் கூடு கட்டும். 6 அங்குல அறைகள் உள்ள வீடு ஏற்கெனவே கையில் இருந்தால், நடுச்சுவரை எடுத்து இரண்டு அறையை ஒன்றாக்கலாம். அறைகளின் எண்ணிக்கை பாதியாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வெளிப்பக்கம் வெள்ளை நிறம். வெயிலைத் திருப்பிவிடும், வெள்ளைச் சுவரில் இருண்ட வாசல் தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே பெயிண்ட் வேண்டாம். தரையில் கால் அங்குல வடிகால் துளைகள், கூரைக்கு அடியில் காற்றுத் துளைகள், ஒவ்வொரு அறைக்கும் தனியாகத் திறக்கும் கதவு, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் ஆண்டுக்கு ஆறு அறை போதும்.

எனக்குப் பிடித்தது சுரைக்குடுவைதான். காற்றில் லேசாக ஆடுவதால் மற்ற பறவைகளுக்கு அவ்வளவு பிடிப்பதில்லை, உள்ளே இடமும் தாராளம். இது வேறு ஏதோ செடியல்ல, நாம் சமையலில் கூட்டு வைக்கும் அதே சுரைக்காய் இனம். ஆனால் தோட்டத்தில் நாம் வளர்க்கும் நீளக் காய் உதவாது. வயிற்றுப்பகுதி 8 முதல் 13 அங்குலம் வரை குறுக்களவுள்ள குண்டு ரகம் வேண்டும். கொடியிலேயே முற்றவிட்டு, பறித்த பிறகு மாதக்கணக்கில் காயவைக்க வேண்டும். ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போட்டால் காய்ந்துவிட்டது.

வாசல் வெட்டும் முன் குடுவையைக் கம்பியில் தொங்கவிடுங்கள். அது தானாக நிற்கும் நிலையில், வயிற்றின் மிக வெளியே துருத்தும் புள்ளியைப் பென்சிலால் குறியுங்கள். வாசலின் நடு அதுதான். மேசையில் வைத்துக் குறித்து வெட்டினால், தொங்கும்போது வாசல் வானத்தைப் பார்த்துவிடும், மழை நேரே உள்ளே விழும். அடியில் சில வடிகால் துளைகள், பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்குத் திருகு மூடியோடு ஒரு திறப்பு. இந்தத் திறப்பு இல்லாத குடுவையில் என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. பிளாஸ்டிக் குடுவை வாங்குபவர்களும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

5. வாசல்: ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்

வட்ட வாசல் என்றால் 2 1/8 அங்குலம், தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே. மார்ட்டினுக்கு அது போதும், ஆனால் ஸ்டார்லிங்கும் தாராளமாக நுழையும். ஸ்டார்லிங் நம் மைனாவின் குடும்பம். அலகு கூர், சண்டையில் விடாது. அறைக்குள் மார்ட்டினைக் கொன்றுவிடும்.

ஆகவே பிறை வடிவ வாசல் வைக்கச் சொல்கிறேன். அகலம் 3 அங்குலம், உயரம் 1 3/16 அங்குலம், அதாவது 30 மில்லிமீட்டர். மார்ட்டினுக்குக் கால் குட்டை என்பதால் பதுங்கி நுழைந்துவிடும், ஸ்டார்லிங்குக்கு நெஞ்சு தடுக்கும். இதே வாசல் ஒன்றேகால் அங்குலமானால் பல ஸ்டார்லிங்குகள் நுழைந்துவிடும். இடையில் இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

கடையில் வாங்கியதையும் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு மறுபடி அளங்கள், இரண்டு பூச்சில் வாசல் சுருங்கி மார்ட்டினும் நுழைய முடியாமல் போகலாம். பிறையின் அடிவிளிம்பு வெளித்திண்ணையோடு ஒட்டி, அதிகபட்சம் அரை அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் வைத்தால் பதுங்கி நுழைய முடியாது, பறவை கொஞ்ச நேரம் முட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடும்.

பிறை வாசல் சிட்டுக்குருவியைத் தடுக்காது. அதற்கு வேறு வேலை இருக்கிறது, 8-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

6. ஏறி வருபவற்றுக்குத் தடுப்பு

பறவை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒரே இரவில் ரக்கூனோ எலிப்பாம்போ ஏறி எல்லாக் கூட்டையும் காலி செய்யும், தப்பிய பறவைகளும் அந்த இடத்தை விட்டுப் போய்விடும்.

கம்பத்தைச் சுற்றி, தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், இரண்டடிக்குக் குறையாத நீளமும் எட்டு அங்குல அகலமும் உள்ள தகரக் குழாய்த் தடுப்பு மாட்டுங்கள். மேல் முனை மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் பாம்பு குழாய்க்குள்ளாகவே ஏறிவிடும். கம்பம் வழுவழுப்பாக இருப்பதால் எதுவும் ஏறாது என்பது தவறு. கம்பத்திலிருந்து வேலிக்கோ மரத்துக்கோ கயிறு இழுத்துக் கட்டாதீர்கள், தடுப்பைத் தாண்ட அதுவே பாலமாகும். தெற்கில் நெருப்பெறும்பு உண்டு. தடுப்புக்குக் கீழே கம்பத்தில் பட்டையாகக் கிரீஸ் தடவி, அடியில் புற்று கிளம்பினால் உடனே ஒழியுங்கள். ஆந்தை அதிகம் உள்ள இடத்தில் வாசல்களுக்கு வெளியே கம்பிக் கூண்டு மாட்டலாம்.

7. எப்போது திறப்பது

டெக்சஸில் முதிர்ந்த மார்ட்டின்கள் பிரேசிலிலிருந்து ஜனவரிக் கடைசி, பிப்ரவரியில் வந்து சேரும். பென்சில்வேனியா, ஒன்டாரியோ பக்கம் ஏப்ரல். ஆனால் முதிர்ந்தவை போன ஆண்டு குஞ்சு பொரித்த இடத்துக்கே திரும்பும், உங்கள் புது வீட்டைத் திரும்பியும் பார்க்காது. புது இடம் தேடுபவை போன ஆண்டுப் பிறந்த இளசுகள். அவை முதல் வரவுக்கு நாலைந்து வாரம் கழித்து வரத் தொடங்கும், தெற்கில் இன்னும் தாமதமாகும்.

அதனால் புது வீட்டைச் சீக்கிரம் திறப்பதில் லாபமில்லை. ஒரு மாதம் வெறுமனே திறந்து கிடந்தால் சிட்டுக்குருவிதான் குடியேறும். வாசல்களை அடைத்து வைத்து, உங்கள் பகுதிக்கு முதல் பறவை வந்து நான்கு வாரம் கழித்துத் திறங்கள். பென்சில்வேனியாவின் ஈரீ நகரில் உள்ள பர்ப்பிள் மார்ட்டின் பாதுகாப்புச் சங்கம் ஒவ்வோர் ஊரிலும் முதல் பறவை வந்த தேதியைத் தொகுத்து வெளியிடுகிறது. அதைப் பார்த்தால் நாள் தெரிந்துவிடும்.

திறக்கும்போது ஒவ்வோர் அறையிலும் ஓரங்குலம் காய்ந்த பைன் ஊசியோ மரச்சீவலோ போடுங்கள். விடியலுக்கு முன் ஆண் மார்ட்டின் பாடும் பாட்டின் ஒலிப்பதிவை, இளசுகள் வரும் காலத்தில் அதே நேரத்தில் ஒலிக்கவிடுவது உண்மையிலேயே பலன் தரும், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பொம்மைப் பறவைகளால் ஓரளவுக்குத்தான் பயன்.

மே மாதத்தில் மனம் தளர்ந்து வீட்டை இறக்கிவிடுகிறவர்கள் பலர். வடக்கில் ஜூன் முடியும்வரை இளசுகள் இடம் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஆண்டு தங்காவிட்டாலும், சுற்றிப் பார்த்துப் போனது அடுத்த ஆண்டு வரலாம்.

8. சிட்டுக்குருவி

நம்மவர்களுக்கு மனசு வராத இடம் இதுதான். ஊரில் சிட்டுக்குருவிக்கு அட்டைப்பெட்டி கட்டி வைத்து, தானியம் போட்டுக் காப்பாற்றப் பார்க்கிறோம். எனக்கும் அது பிரியமான பறவை. ஆனால் இந்தக் கண்டத்துக்கு அது கப்பலில் கொண்டுவரப்பட்டது. இங்கே மார்ட்டின் முட்டையைக் கொத்தி உடைப்பதும், குஞ்சின் தலையில் கொத்திக் கொல்வதும், அதன் மேலேயே வைக்கோலைப் போட்டுக் கூடு கட்டுவதும் அதுதான். மார்ட்டினுக்குப் போக வேறு இடம் கிடையாது.

கூடு யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சிட்டுக்குருவிக் கூட்டில் புல், காகிதம், நூல், இறகு எல்லாம் அறை முழுக்கத் திணித்திருக்கும், முட்டையில் பழுப்புப் புள்ளி. மார்ட்டின் கூடு தட்டையானது. வாசல் பக்கம் மண் வரப்பு, உள்ளே குச்சி, முட்டையிடும் சமயத்தில் அதன் மேல் பச்சை இலைகள், முட்டை தூய வெள்ளை. மரத் தகைவிலானும் (ட்ரீ ஸ்வாலோ) வெள்ளை முட்டைதான் இடும், ஆனால் சிறியது, கூட்டில் இறகு விரித்திருக்கும்.

இந்த அடையாளம் சட்டத்துக்காகவும் வேண்டும். அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் நாட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் காக்கிறது. வெளியிலிருந்து வந்த சிட்டுக்குருவியும் ஸ்டார்லிங்கும் அதில் வராது.

சிட்டுக்குருவியின் கூட்டை வாரம் ஒருமுறை அல்ல, கண்டவுடன் எடுங்கள். ஆனால் ஆண் குருவி அந்த அறையோடு ஒட்டிக்கொண்ட பிறகு கூட்டை மட்டும் எடுத்தால், ஆத்திரத்தில் பக்கத்து அறை முட்டைகளைத் தாக்குவது உண்டு. அந்த நிலையில் அறைக்குள் வைக்கும் பொறியில் ஆண் குருவியைப் பிடிப்பதுதான் வழி. அதற்கு மனமில்லாதவர்கள், குருவி அதிகமுள்ள தெருவில் மார்ட்டின் வீடு வைக்காமல் இருப்பது நல்லது. தானியத் தொட்டியில் கலப்புத் தானியமும் ரொட்டியும் போடுவதை நிறுத்தினால் குருவி வரவு குறையும்.

மரத் தகைவிலான் வந்து இடம் பிடித்தால் வாசல்களை அடைத்துவிட்டு, 30 அடி தள்ளி ஐந்தடி உயரத்தில் அதற்கென ஒரு தனிப்பெட்டி வையுங்கள். அது அங்கே குடியேறியதும் மார்ட்டின் வீட்டைத் திறந்துவிடலாம்.

9. வாரம் ஒருமுறை பார்ப்பது

அறைகளுக்கு வெளியே எண் எழுதுங்கள். ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை, மழையும் குளிரும் இல்லாத நாளில், காலை முட்டையிடும் நேரம் கழிந்த பிறகு இறக்கிப் பாருங்கள். எந்த அறையில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நீங்கள் தொட்டதால் தாய் கூட்டைக் கைவிடாது.

திரும்ப ஏற்றும்போது வீடு முன்பு பார்த்த திசையையே பார்க்க வேண்டும். கம்பத்திலும் வீட்டிலும் ஒரே பக்கம் பெயிண்டால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திசை மாறினால் தாய் தந்தைக்குத் தங்கள் வாசல் எது என்று புரியாமல் தவிக்கும்.

மூன்று முதல் ஆறு முட்டை வரை, நாளுக்கு ஒன்றாக இடும். அடைகாப்பு 15, 16 நாள். குஞ்சு பொரித்து நான்கு வாரத்தில் பறந்துவிடும். இந்தக் கணக்கு எதற்கு என்றால், குஞ்சுகளுக்கு 22 நாள் ஆனபிறகு வீட்டை இறக்கக் கூடாது. பயந்து, பறக்கத் தெரியாத நிலையில் குதித்துவிடும். தரையில் விழுந்த குஞ்சைக் கண்டால், நோட்டைப் பார்த்து அதே வயதுக் குஞ்சுகள் உள்ள அறையில் திரும்ப வையுங்கள்.

கூடு ஈரமாகிவிட்டாலோ உண்ணி மொய்த்தாலோ, குஞ்சுகளைத் துணி விரித்த வாளியில் வைத்துவிட்டு பழையதை அள்ளி, புதுப் பைன் ஊசி போட்டு மாற்றுங்கள். குஞ்சு பத்து நாள் வயதில் இருக்கும்போது செய்வது சுலபம். பூச்சிமருந்துப் பொடி எதுவும் தூவ வேண்டாம்.

வசந்தத்தில் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர் இறங்கினால் பூச்சி பறக்காது, மார்ட்டின் பட்டினி கிடக்கும். இரண்டு நாளைத் தாண்டினால் வெட்டுக்கிளிப் பூச்சி அல்லது உப்பில்லாமல் பொரித்த முட்டைத் துண்டுகளை பிளாஸ்டிக் கரண்டியால் அவற்றின் எதிரே உயரத் தூக்கி எறிந்து பழக்கலாம். பறக்கும் இரையைத்தான் பிடிக்கும் என்பதால், தட்டில் வைத்தால் முதலில் சீந்தாது.

10. பருவம் முடிந்ததும்

கடைசிக் குஞ்சு பறந்த பிறகும் ஓரிரு வாரம் விட்டுவையுங்கள், மாலையில் சில உறங்க வரும். பிறகு இறக்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு பழைய கூடுகளைச் சுரண்டி எடுங்கள். ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொட்டகையில் வையுங்கள். இறக்க இடமில்லாதவர்கள் வாசல்களை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்கச் சிட்டுக்குருவி அங்கேயே இருந்து பழகிவிடும்.

கயிறு, கப்பி, வின்ச் கம்பியைக் கையால் தடவிப் பார்த்து, இழை பிரிந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். அடுத்த ஆண்டு உங்களிடம் குஞ்சு பொரித்தவை திரும்ப வரும் என்பதால் நான்கு வாரம் காத்திருக்கும் கணக்கு இனி உங்களுக்கு இல்லை. டெக்சஸில் ஜனவரி நடுவிலேயே எல்லாம் தயாராக இருக்கட்டும், முதல் பறவையைக் கண்டதும் வாசலைத் திறந்துவிடுங்கள்.